கூப்பிட்ட குரலுக்கு வந்தவன்

சுகுமாறன் எழுந்து முகச்சவரம் செய்துகொண்ட அன்றைக்குத்தான் ரோகினிக்கு மண்காப்பு அணியின் மேல் பக்தி வந்தது. அதற்கு முன்னால் அவளுக்குக் கட்சியும் தெரியாது, அணியும் தெரியாது. தேர்தலன்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, யாராவது நீட்டுகிற தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவாள். அவளுடைய அரசியல் அந்தப் போத்தலோடு சரி.

ஆனால் ஏழு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த புருஷன், ஒரு காலையில் எழுந்து கண்ணாடியைத் துடைத்து, தாடியை மழித்து, "அந்த நீலச் சட்டைய எங்க வச்ச?" என்று கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் கண் கலங்காது? ரோகினி சட்டையைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

சுகுமாறன் போர்டிக்சன் பக்கத்துச் சி ரூசா கடற்கரையில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். காலையில் ரந்தாவ் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இரவு மீன் வாசனையோடு திரும்புவான். கொரோனா வந்து ஹோட்டலை மூடினார்கள். திறந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். பிறகு, இனித் திறப்பதாக இல்லை என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. பதினோரு வருஷத்துக்கு அந்த ஒரு வரிதான் மரியாதை.

அவன் சும்மா இருந்தான் என்று சொல்லிவிடக் கூடாது. நாலு நாள் தோட்டத்தில் குலை வெட்டப் போனான். எண்ணெய் எடுக்கிற செம்பனை, வளர்ந்த மரம் மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து, மட்டையைத் தள்ளி, குலையின் காம்பில் சரியாக வைத்து இழுக்க வேண்டும். இழுத்த கையோடு விலக வேண்டும். விலகாவிட்டால் முப்பது கிலோ குலை முள்ளோடு தலையில் இறங்கும். நாலாம் நாள் சாயங்காலம் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சந்திரனே வீடு தேடி வந்து, "சுகு, இது ஒனக்கு ஆவாது லா. அடுப்படியில நின்ன ஒடம்பு. கழுத்து முறிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டார். அன்று படுத்தவன்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள், கட்டிலுக்கு அடியில் கூட்டியபோது ரோகினியின் துடைப்பத்தில் ஒரு போத்தல் இடித்தது. களைக்கு அடிக்கிற புல்மருந்து, விஷம். வாசலைக்கூடத் தாண்டாத மனுஷனுக்குப் புல்மருந்து எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுபோய் தோட்டத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்தாள். பிள்ளையில்லாத வீடு. அவளுக்கு அவன்தான், அவனுக்கு அவள்தான். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுமுன் அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கமாயிற்று.

உதவி வேண்டுகிறவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டுங்கள் என்று நாடெங்கும் பேசிக்கொண்ட நேரம் அது. வெள்ளைத்துணி வேறு இல்லாததால் ரோகினி அவனுடைய ஹோட்டல் சட்டையைக் கழியில் மாட்டி வைத்தாள். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சிரம்பானிலிருந்து ஒரு கறுப்பு ஹைலக்ஸ் வண்டி வந்தது. கறுப்புச் சட்டை போட்ட மண்காப்பு அணிக்காரர்கள் நாலு பேர் அரிசி மூட்டையை இறக்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் அமிர்தலிங்கம். நெற்றியில் சந்தனம், மெதுவான குரல்.

"சுகுமாறன் சார் நீங்கதானா? சாப்ட்டீங்களா சார்?"

சுகுமாறனை வாழ்க்கையில் யாரும் சார் என்றதில்லை. ஹோட்டலில் 'டேய் மாறா' என்பார்கள், சீனத்து முதலாளி விரலைச் சொடுக்குவார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். அமிர்தலிங்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழுசாக இரண்டு மணி நேரம் அவன் சொன்னதை எல்லாம் கேட்டார். ஒரு தடவைகூடக் கைப்பேசியைப் பார்க்கவில்லை.

"எல்லாரையும் அனுப்பிட்டு கடைசியா யார சார் அங்க வச்சிருந்தாங்க?"

"ரெண்டு பங்களாதேசிப் பசங்க. ஜாகாவுக்கு."

"பாத்தீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். அந்தப் பையன்களுக்குப் போக இடமில்லை, அரைச் சம்பளத்துக்குக் காவல் காத்தார்கள் என்பது சுகுமாறனுக்கும் தெரியும். அவனே முன்பு பாவம் என்று சொல்லியிருக்கிறான். ஆனால் 'பாத்தீங்களா' என்று ஒருவர் இதமாகக் கேட்டதும், ஆமாம், பார்க்காமல் விட்டுவிட்டோமே என்றுதான் அவனுக்குத் தோன்றியது. மறுநாள் சவரம் செய்துகொண்டான்.

அடுத்த வீட்டு மங்கம்மா மட்டும் அவர்கள் அரிசியை வாங்கவில்லை. மருந்தடிக்கும் வேலை பார்ப்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"அரிசிய வாங்கிட்டு என்னத்தடி குடுக்கணும் திருப்பி?" என்றாள் பைப்படியில்.

"ஒண்ணும் கேக்கலக்கா. சும்மாதான் குடுத்தாங்க."

"சும்மா எவன் குடுக்குறான்? வெளிநாட்டுக்காரன வெரட்டணும்ங்கறானுவோ. வெரட்டிட்டு யாரு கம்பு தூக்குறது? ஒம் புருசனா, எம் புருசனா? எங்க வீட்டு ஆளுக்கு கட்டில்ல ஏறவே மூச்சு வாங்குது."

"சும்மா இருங்கக்கா. அவரு எழுந்து நடமாடுறாரு. எனக்கு அது போதும்."

மங்கம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "அதுவும் சரிதான்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? புல்மருந்துப் போத்தல் கதை தெரிந்த ஒரே ஆள் அவள்.

ரோகினிக்குத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. வெட்டுகிறவர் ஒருவர், பொறுக்குகிறவர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாகத்தான் நிரை பிடிப்பார்கள். அவளுடைய ஜோடி சஹ்னுன். இந்தோனேசியாவில் லொம்போக் தீவுக்காரன், முப்பது வயசிருக்கும். பெர்மிட்டைப் புதுப்பிக்கிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போன குத்தகைக்காரன் திரும்பி வரவில்லை. ஆகவே கையில் ஒரு காகிதமும் கிடையாது. கையில் இருந்ததெல்லாம் வேலை. குலை விழப்போகும்போது "ஜாகா, காக்!" என்று கத்துவான். பார்த்து அக்கா என்று அர்த்தம். அவள் விலகிய பிறகுதான் இழுப்பான். ஆறு வருஷத்தில் அவள் மேல் ஒரு மட்டைகூட விழுந்ததில்லை. அவள் கொண்டுபோகிற நெத்திலிச் சம்பலில் பாதி அவனுக்கு. அவன் ஊர்க் குழந்தையின் படம் அவள் கைப்பேசியிலும் உண்டு.

காகிதம் இல்லாதவர்களைப் பிடிக்கிற குடிநுழைவு இலாகா லோரி தோட்டத்துக்குள் நுழைந்தால், முதலில் பார்க்கிற பொறுக்குக்காரி "பன்னி! பன்னி வருது!" என்று கத்துவாள். காட்டுப்பன்னி வருகிற தோட்டம்தான், யாருக்கும் சந்தேகம் வராது. பன்னி என்றால் இந்த முஸ்லிம் பையன்கள் ஓடத்தானே வேண்டும் என்று யாரோ கிண்டலுக்கு ஆரம்பித்தது, சட்டமாகிவிட்டது. சத்தம் கேட்டதும் கம்பைப் போட்டுவிட்டுக் காண்டா வாய்க்காலுக்குள் இறங்கிப் பெரணிச் செடிக்குள் படுத்துவிடுவார்கள். லோரி போனதும் அவரவர் ஜோடிக்காரி "தேத்தண்ணி!" என்று நீட்டிக் கூப்பிட வேண்டும். வேறு யார் குரலுக்கும் வெளியே வர மாட்டார்கள். மண்டோர் சந்திரனுக்கும் தெரியும், ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணிக்கும் தெரியும். தெரிந்தது போலக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு சாயங்காலம், சோறு போட்டுக்கொண்டே ரோகினி இதைச் சுகுமாறனிடம் சொன்னாள். சஹ்னுன் சேற்றிலிருந்து எழுந்து வருகிற அழகை நடித்தும் காட்டினாள். அவன் சிரித்தான். ஒரு வருஷம் கழித்து அவள் கேட்கிற சிரிப்பு. சோறு புரையேறுகிற மாதிரி சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் பத்து ரகசியம் சொல்லியிருப்பாள்.

அந்த மாதக் கடைசியில் ஆபீஸ் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தோட்டத்தில் பாதியை வீட்டுமனைக்கு விற்றாகிவிட்டது. மேற்கு லயம் காலி செய்ய வேண்டும். ரோகினி வீடும் மங்கம்மா வீடும் மேற்கு லயம்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் மண்காப்பு அணி கூட்டம் போட்டது. முதல் தடவை இருபது பேர் வந்த இடத்தில் இப்போது நாற்காலி போதவில்லை. மேடையில் சுகுமாறன். சட்டைப்பையில் 'பகுதிப் பொறுப்பாளர்' என்ற அட்டை.

அமிர்தலிங்கம் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் பேசினார்.

"தொரைய கேட்டா கொம்புனிய கேளுங்கறாரு. கொம்புனி கோலாலம்பூர்ல முப்பதாவது மாடில இருக்கு, நம்மள கேட்டுக்குள்ளயே விட மாட்டான். அப்ப நாம யாரத்தான் கேக்குறது? நம்ம கைக்கு எட்டுற தூரத்துல யாரு இருக்கா? நம்ம தாத்தன் வெட்டுன காட்டுல இன்னிக்கு யாரு கம்பு புடிக்கிறா? அவன் அரைச் சம்பளத்துக்கு வரலன்னா ஒங்க வெலைய எவன் கொறைச்சிருப்பான்?"

ஜனங்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ரோகினியும் தலையாட்டினாள். அவர் சொன்னதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது, அதுதான் வினை. சஹ்னுனை அவள் அப்போது நினைக்கவே இல்லை. அவர் சொல்கிற 'அவன்' வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை. இரவெல்லாம் பெய்து, மட்டைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சஹ்னுன் பன்னிரண்டாவது குலையை இறக்கிக்கொண்டிருந்தான். ரோகினி குனிந்து, சேற்றில் சிதறிய பழங்களைச் சாக்கில் வாரிக்கொண்டிருந்தாள். செம்மண் ரோட்டில் வண்டிச் சத்தம். நிமிர்ந்தாள். கறுப்பு ஹைலக்ஸ்.

ஏன் கத்தினாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தாள். அது இலாகா லோரி இல்லை. தன் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்த வண்டி. ஆனாலும் தொண்டை தானாகத் திறந்தது.

"பன்னி! பன்னி வருது!"

கம்பு விழுகிற சத்தம், காண்டாவில் தண்ணீர்ச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

சுகுமாறன் மட்டும் இறங்கி நிரைக்குள் நடந்து வந்தான். மற்றவர்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்கள் கைகளில் ஒன்றும் இல்லை. அவள் அதைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"எதுக்குப் பன்னின்னு கத்துற? நான்தான் லா."

"என்ன வேலையா வந்தீங்க? இது வெட்டு நேரம்."

"அமிர்தலிங்கம் அண்ணன் சஹ்னுன்கிட்ட பேசணுங்கறாரு. ஊரு போய்ச் சேர வழி பண்ணிக் குடுக்கறாராம். விண்ணப்பப் பாரம் கொண்டாந்துருக்காரு. கையெழுத்துதான்."

"கையெழுத்துக்கு அஞ்சு பேரா?"

அவன் மரத்தைப் பார்த்தான். "கூப்புடு ரோகினி. நீ கூப்ட்டா வருவான்ல?"

"மண்டோர்கிட்ட சொல்லிட்டு..."

"என்னை எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்தாத. நான் பொறுப்பாளர். என் வீட்டுக்காரியே நான் சொல்லிக் கேக்கலன்னா நாளைக்கு எனக்கு என்ன மரியாதை இருக்கும்?" குரல் இறங்கியது. "திரும்பப் போய்ப் படுத்துக்கவா? சொல்லு, படுத்துக்கறேன்."

அந்த ஒரு சொல் போதும். கட்டிலும் சுவரும் துடைப்பத்தில் இடித்த போத்தலும் அவள் கண் முன்னால் வந்தன. பாரம்தானே, கையெழுத்துதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நம்பினாளா என்றால், நம்ப வேண்டியிருந்தது. வாய்க்கு இரண்டு பக்கமும் கையைக் குவித்தாள்.

"சஹ்னுன்... தேத்தண்ணி..."

பெரணி அசைந்தது. இடுப்புவரை சேறோடு, தொப்பியைப் பிழிந்துகொண்டு, எப்போதும் போல இளித்துக்கொண்டே ஏறி வந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், கோப்பை வாங்குவதற்கு.

வண்டியின் பின்பக்கத்திலிருந்து குழாய்களை எடுத்துக்கொண்டு நாலு பேரும் ஓடி வந்தார்கள். அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சஹ்னுன் ஓடவில்லை. முதல் அடி விழுந்ததும் அவன் திரும்பி அவளைத்தான் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, நீ சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்பது போல. அமிர்தலிங்கம் கொஞ்சம் தள்ளி நின்று கைப்பேசியில் படம் பிடித்தார். முடிகிற நேரத்தில் மெதுவான குரலில் சொன்னார்: "சுகுமாறன் சார், நீங்களும் ஒண்ணு போடுங்க. பொறுப்பாளர் சும்மா நின்னா எப்படி?"

சுகுமாறன் குழாயை வாங்கினான். கோழிகூட அறுக்கத் தெரியாத மனுஷன், ஹோட்டலில் காய் மட்டும்தான் நறுக்குவான். ஓங்கி அடித்தான். சஹ்னுனின் வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்த சத்தத்தை ரோகினி கேட்டாள்.

மண்டோர் சந்திரன் அவனை டிராக்டரில் போட்டு போர்டிக்சன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "மரத்துலருந்து மட்டை விழுந்துச்சுன்னு சொல்லியிருக்கேன்" என்று திரும்பி வந்து சொன்னார். ஆனால் படம் அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது. யாரோ போலீசில் புகாரும் கொடுத்துவிட்டார்கள். சஹ்னுன் பிழைத்தால் இலாகாவின் தடுப்பு முகாம்தான், அப்புறம் ஊர்தான் என்றார் சந்திரன். அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி எங்கேயும் அவன் கம்பு பிடிக்க முடியாது.

அன்று மூன்று மணிக்கு அமிர்தலிங்கம் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை தரையில் உட்காரவில்லை.

"தங்கச்சி, கொஞ்சம் பெரச்சனை ஆயிருச்சு. படத்துல சாரோட மொகம் நல்லா தெரியுது. காரணமில்லாம அடிச்சோம்னா அவரு உள்ள போவாரு. காரணம் இருந்தா ஜனங்க நம்ம பக்கம். நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். அவன் ஒங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டான்னு."

"அவனா?" என்றாள் ரோகினி.

"ரோகி" என்றான் சுகுமாறன். சட்டையில் தெறித்திருந்த ரத்தத்தைக்கூட இன்னும் கழுவவில்லை. "ரெண்டு வார்த்த. நான் ஜெயிலுக்குப் போனா செத்துருவேன் ரோகி. ஒனக்குத் தெரியும்ல."

"எனக்குத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரியும்."

அமிர்தலிங்கம் கைப்பேசியை நீட்டிப் பிடித்தார். ரோகினி அதைப் பார்த்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்காக எதையும் செய்யலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தாள், காலையில் செய்தும் விட்டாள். இன்னொரு தடவை முடியவில்லை.

"அவன் என்னைத் தொட்டதே இல்ல. ஆறு வருசமா என் தலையில ஒரு மட்ட விழாம பாத்துக்கிட்டான். நான்தான் கூப்ட்டேன். தேத்தண்ணின்னு கூப்ட்டேன். அதான் வந்தான்." அதற்கு மேல் சொல்ல முடியாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அடக்க அடக்க உடம்பு குலுங்கியது. இவ்வளவு அழுகை தனக்குள் இருந்ததா என்று அவளுக்கே தெரியாது.

அமிர்தலிங்கம் கடைசிவரை படம் பிடித்தார். கோபப்படவில்லை. "போதும் தங்கச்சி. ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எதற்கு நன்றி என்று அவளுக்கு மறுநாள் விடியற்காலைப் பெரட்டில்தான் புரிந்தது. ஆள் பெயர் கூப்பிடுகிற அந்தத் திடலில், அவள் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்தாள். இன்னொருத்தி, "தைரியமா இரு" என்றாள். அவள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள் ரோகினி. அவள் அழுகிற படம். பேச்சு இல்லை. அவள் குரல் இருந்த இடத்தில் சோகமான ஒரு வாத்தியம். கீழே எழுத்து: 'நம் தோட்டத்துச் சகோதரிக்கு நேர்ந்த கொடுமை. இன்னும் எத்தனை நாள் பொறுப்போம்?' இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

வரிசையில் பின்னாலிருந்து மங்கம்மா வந்தாள். மருந்துத் தொட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ரோகினியைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, பொய்க்கா. நீங்களாச்சும் கேளுங்க. அவன் ஒண்ணும் பண்ணல. நீங்கதான பாத்துருக்கீங்க அவன? நான் கூப்ட்டதாலதான் வந்தான்க்கா. நான்தான்க்கா."

"தெரியும்டி."

"என்ன தெரியும்? நான் சொல்றதக் கேளுங்கக்கா!"

"எந்தப் பொம்பளதான் வாயத் தொறந்து சொல்லுவா? நீ சொல்லவே வேணாம். ஒன் அழுகையப் பாத்தேன், அது போதும் எனக்கு." மங்கம்மாவின் கண் நிறைந்திருந்தது. மருந்து வாசனை அடிக்கிற கையால் ரோகினியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நல்ல பையன்னு நானும்தான நெனச்சேன். அரிசியத் திருப்பி அனுப்புனேனே, என் புத்திய செருப்பால அடிக்கணும். இன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டு ஆள அனுப்பி வைக்கிறேன். சுகுகிட்ட சொல்லி, கறுப்புச் சட்ட ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லு. அவருக்குப் பெரிய சைஸா இருக்கணும்."